பரிசு மேடையின் வரலாறு: மலாக்காத் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளும் மாணவர் சாதனையும்

மலாக்கா மாநிலத்தில் இன்று 21 தமிழ்ப்பள்ளிகள் இயங்கிவருகின்றன. கல்வியாண்டு முடிவை நெருங்கும்போது இவை ஒவ்வொன்றிலும் பரிசளிப்பு விழா நடைபெறும். வாயிலில் தோரணம் கட்டப்படும். வெள்ளைத் துணி விரித்த மேசைமீது வெற்றிக் கிண்ணங்கள் உயர வரிசைப்படி அடுக்கப்படும். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் விருந்தினரை எதிர்கொள்ள நிற்பர். ஆசிரியர்களாகிய உங்களுக்கும் மாணவர்களாகிய உங்களுக்கும் இக்காட்சி புதியதன்று. ஆயினும் இவ்விழாவுக்கென ஒரு வரலாறு உண்டு என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப்பார்ப்பதில்லை. யாரைப் போற்றினோம், எதன்பொருட்டுப் போற்றினோம், பரிசினை எவர் கையிலிருந்து பெற்றோம் என்பன காலந்தோறும் மாறிவந்துள்ளன. அம்மாற்றங்களை நிரல்பட நோக்கும்போது ஓர் உண்மை புலனாகிறது. தமிழ்ப்பள்ளி இந்நாட்டில் இருக்கத்தக்கதே என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு நெடுங்காலமாகப் பிள்ளைகளின் தோள்மீது ஏற்றப்பட்டு வந்திருக்கிறது. பரிசு மேடையில் நாம் கைதட்டியபோது குழந்தையைப் போற்றினோமா, பள்ளிக்கு வாதாடினோமா என்பதே இவ்வுரையில் நாம் ஆராயும் வினா.

ஜாசின் மாவட்டத்தின் வடபகுதியில் உள்ள நியாலாஸ் முக்கிமையும் அதன் அண்டையிலுள்ள அசகானையும் நடுவாக வைத்துத் தொடங்குவோம். அவ்வாறு தொடங்குவதற்கு வரலாற்றுக் காரணம் ஒன்று உண்டு.

பால்மரம் வந்த வட்டாரம்

தமிழர் மலாக்காவுக்குப் பால்மரத்தோடு வந்தவர்கள் அல்லர். சுல்தான்கள் காலத்திலேயே வணிகராய் வந்து, இங்கேயே மணவுறவு கொண்டு நிலைத்த மலாக்காச் செட்டிகளை நாம் அறிவோம். 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் அவர்களுடைய வழிபாட்டு மரபின் தொன்மைக்குச் சான்றாய் இன்றும் நிற்கிறது. வழிபாட்டையும் சடங்குகளையும் காத்துக்கொண்ட அச்சமூகத்தின் வீட்டுமொழி காலப்போக்கில் மலாயாயிற்று. மிகப் பிற்காலத்தில், மிக எளிய நிலையில், லயங்களில் வந்து குடியேறிய தோட்டத் தொழிலாளரிடையே தமிழ் எழுத்தும் பேச்சும் நிலைத்தன. இவ்வேறுபாட்டுக்குப் பள்ளி ஒன்றே காரணம் என்று நாம் கூற வரவில்லை. குடியேறிய காலம், தொகை, வாழிடம் எனப் பல காரணங்கள் உள. எனினும் பள்ளி இருந்ததும் இல்லாததும் இதில் பெரிய பங்கு வகித்தன என்பதை மறுத்தல் அரிது.

முறையான தமிழ் வகுப்பு இந்நாட்டில் 1816இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தொடங்கியது. மலாக்காவில் 1850இல் ஆங்கில-தமிழ்ப் பள்ளி ஒன்று நிறுவப்பட்டதைக் கல்வி வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. இவை நகரத்து முயற்சிகள். உட்பகுதியின் கதையை மாற்றியது பால்மரம். சீன வணிகரான டான் சாய் யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் வணிக நோக்கில் பால்மரம் பயிரிட்டார். மலாயாவில் அத்தகைய முயற்சிகளுள் அதுவே முதலாவது. அடுத்து அவர் புக்கிட் அசகானில் பன்மடங்கு பெரிய பரப்பில் காடு திருத்தினார். லெடாங் மலையின் மேற்கே, நியாலாஸுக்கு அண்டையில் உள்ள நிலம் அது. இந்நாட்டின் செல்வத்துக்கு அடிகோலிய பயிர் முதன்முதல் பரந்து வளர்ந்த மண் நம் மாநிலத்து மண்ணே என்பதை மாணவர்கள் நினைவிற்கொள்ளுதல் நன்று. புக்கிட் லிந்தாங், புக்கிட் அசகான் ஆகிய இரண்டு இடங்களின் பெயரிலும் இன்று தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. மரம் நட்ட இடத்தில் பள்ளி முளைத்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் அது தானாக முளைக்கவில்லை.

வருகையே சாதனையாக இருந்த காலம்

1912ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டமும் அதன்பின் 1923இல் வந்த சட்டமும் தோட்ட நிருவாகத்தின்மீது ஒரு கடமையை விதித்தன. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் இருக்கும் தோட்டத்தில் பள்ளி ஒன்று அமைத்தல் வேண்டும் என்பதே அது. பள்ளி வயது 7 முதல் 14 வரை எனக் கொள்ளப்பட்டது. பள்ளி வேண்டும் என்ற சட்டம் எத்தகைய பள்ளி என்பதைப் பெரிதும் நிருவாகத்தின் விருப்பத்துக்கு விட்டது. ஆகவே பெரட்டுக் களத்தை ஒட்டிய கொட்டகையிலும் கோயில் மண்டபத்திலும் லயத்தின் ஓரறையிலும் வகுப்புகள் நடந்தன. சற்றே எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியின் உறவினரோ ஆசிரியராய் அமர்ந்த தோட்டங்கள் பல. முறையான பயிற்சி பெற்ற ஆசிரியர் அரியராய் இருந்தனர்.

இந்நிலையில் சாதனை என்பது யாது? பள்ளிக்கு வருவதே சாதனை. பெற்றோர் இருவரும் பொழுது புலருமுன் மரம் வெட்டப் போய்விடுவர். மூத்த பிள்ளை இளைய பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சற்று வளர்ந்த பிள்ளை மங்கு துடைக்கவும் ஒட்டுப்பால் எடுக்கவும் புல் பிடுங்கவும் போனால் வீட்டுக்குச் சில காசு கூடுதலாய் வரும். பள்ளிக்கு வந்த ஒவ்வொரு நாளும் குடும்பம் இழந்த ஒரு சிறு கூலியாகும். அரசாங்கமும் தான் வழங்கிய உதவித்தொகையை மாணவர் வருகையைக் கணக்கிட்டே தந்தது. எனவே தோட்டத்து ஆசிரியருக்கு வருகைப் பதிவேடு பள்ளியின் உயிர்நாடியாய் விளங்கியது. தலை எண்ணிக்கை குறைந்தால் உதவி குறையும். பத்துக்குக் கீழே இறங்கினால் பள்ளிக்கே காப்பில்லை. பிள்ளையின் இருப்பைக் காட்டிப் பள்ளியின் இருப்பைக் காப்பது அக்காலத்திலேயே தொடங்கிவிட்டதை இங்குக் காண்கிறோம்.

மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களுள் ஒன்றாய் நேரடிப் பிரிட்டிஷ் ஆட்சியின்கீழ் இருந்தமையால் பேரரசு நாள், முடிசூட்டு விழா போன்றவை இங்குச் சிறப்பாகக் கொண்டாடப்பட்டன. அத்தகைய நாள்களில் பிள்ளைகளுக்கு ஓட்டப்பந்தயமும் இனிப்பும் உண்டு. கொடுக்கும் கை பெரும்பாலும் துரையின் கையாய் இருக்கும். நன்றியுணர்வைப் பழக்குவதே அவ்விழாக்களின் நோக்கம். பரிசு பெற்ற பிள்ளைக்கு அது தெரியவேண்டிய கட்டாயம் இல்லை. வேகமாய் ஓடினோம், எல்லாரும் பார்த்தார்கள் என்பது அப்பிள்ளைக்குப் போதுமானதாய் இருந்திருக்கும். இதனை நாம் ஏளனமாய்க் கருதுவதற்கில்லை.

போரும் சப்பானியர் ஆட்சியும் பள்ளிகளைச் சிதைத்தன. தந்தையரைச் சயாம் மரண இரயில் பாதைக்கு இழந்த தோட்டங்களில் பரிசளிப்பைப் பற்றிப் பேச இடமில்லை.

அச்சில் ஏறிய பெயர்

போருக்குப் பின்னர் எழுந்த மாற்றம் ஆழமானது. பரிசு வழங்கும் கை மாறிற்று. 1935இல் தமிழ் முரசைத் தோற்றுவித்த கோ. சாரங்கபாணி 1952இல் சிங்கப்பூரில் தமிழர் திருநாளைத் தொடங்கினார். சமய வேறுபாடு கடந்து தமிழர் என்ற பெயரில் அனைவரும் ஒன்றுகூடும் விழாவாக அவர் அதனை அமைத்தார். பேச்சு, கட்டுரை, இசை, விளையாட்டு எனப் போட்டிகள் அதன் உயிர்ப்பகுதியாய் அமைந்தன. சிங்கப்பூரில் தொடங்கிய அவ்விழா விரைவில் மலாயா எங்கும் பரவிற்று. தோட்டத்துப் பிள்ளை பேசிப் பரிசு வாங்கும் மேடையைத் துரை அமைக்கவில்லை, தன் சமூகமே அமைத்தது என்பது இதில் புதுமை. அது பேசியதும் துரைக்குப் புரியாத மொழியில்.

அதே பத்தாண்டில் தமிழ் முரசு மாணவர் மணிமன்றம் என்ற பகுதியை வளர்த்தது. மாணவர் எழுதி அனுப்பிய கதைகளும் கவிதைகளும் துணுக்குகளும் அதில் வெளிவந்தன. இதன் விளைவை மிகைப்படுத்திக் கூறவேண்டியதில்லை. பிற்காலத்தில் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ் எழுத்தாளராய் அறியப்பட்டோர் பலர், தம் பெயரை முதன்முதலில் அச்சில் கண்டது அப்பக்கத்தில்தான். தமிழ் இளைஞர் மணிமன்றங்கள் ஊர்தோறும் எழுந்ததும் அதன் வழியே.

நாம் இங்குச் சற்று நின்று எண்ண வேண்டும். லயத்தில் வாழும் ஒரு பிள்ளையின் பெயர் அதற்குமுன் எங்கெல்லாம் எழுதப்பட்டிருக்கும்? பிறப்புச் சான்றில், பள்ளி வருகைப் பதிவேட்டில், பின்னர்த் தோட்டத்துப் பெயர்ப்பட்டியலில். மூன்றும் பிறர் தம் தேவைக்காக எழுதிக்கொண்டவை. நாளிதழில் தன் எழுத்தின் கீழே அச்சான பெயர் அப்பிள்ளை தானே ஈட்டியது. அதனோடு அச்சாகும் ஊர்ப்பெயரும் கருதத்தக்கது. நிலப்படத்தில் தேடினாலும் எளிதிற் கிடைக்காத ஒரு தோட்டத்தின் பெயர் மாணவன் பெயருக்கு அடுத்து நிற்கும்போது, அத்தோட்டம் முழுவதும் அப்பக்கத்தைத் தன்னுடையதாய்க் கொள்ளும். பள்ளியுணர்வு என்று இன்று நாம் வழங்குவதன் வேர்களுள் ஒன்று இங்கே இருக்கிறது. மதிப்பெண் எதுவும் இதில் இல்லை என்பதையும் குறித்துக்கொள்வோம்.

பன்னிரண்டு வயதில் நின்ற ஏணி

விடுதலை பெற்ற 1957இல் மலாயாவில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. 1956ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கையும் அதன் வழிவந்த 1957ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் தமிழ்ப்பள்ளியை நாட்டுக் கல்வி முறைக்குள் கொண்டுவந்தன. பொதுவான பாடத்திட்டம், தகுதியுள்ள ஆசிரியர், அரசின் உதவி ஆகியவை வந்தன. இது பெரும் பேறு. ஆனால் 1960ஆம் ஆண்டின் ரகுமான் தாலிப் அறிக்கையும் 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் வந்தபின் ஒன்று உறுதியாயிற்று. தமிழ்வழிக் கல்வி தொடக்கப்பள்ளியோடு முடியும். ஆறாம் ஆண்டுக்கு அப்பால் மாணவர் வேறு மொழிவழிப் பள்ளிக்குச் செல்லவேண்டும். இடையில் பலருக்குப் புகுமுக வகுப்பு என்னும் ஓராண்டும் உண்டு.

பரிசு மேடையின் வரலாற்றுக்கு இது திருப்புமுனை எனக் கருதுகிறோம். இடைநிலைப்பள்ளியும் கல்லூரியும் தன்வசம் உள்ள கல்விமுறை தன் மாணவரின் வெற்றியைப் பதினேழு வயதில் கொண்டாடலாம்; இருபத்திரண்டில் கொண்டாடலாம். தமிழ்ப்பள்ளிக்கு அத்தகைய வாய்ப்பு இல்லை. அதன் மாணவன் பன்னிரண்டு வயதில் வாயிலைக் கடந்து போய்விடுவான். பின்னர் அவன் பெறும் வெற்றிகள் வேறு பள்ளியின் பலகையில் எழுதப்படும். ஆகவே பெருமை, நம்பிக்கை, அச்சம் யாவும் ஆறாம் ஆண்டின்மீது குவிந்தன. தமிழ்ப்பள்ளிப் பரிசளிப்பு விழாக்களில் காணப்படும் உணர்ச்சி மிகுதியைச் சிலர் குறைகூறுவர். அது பிரிவு விழாவும் ஆகும் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

1964இல் இடைநிலைப்பள்ளி நுழைவுத் தேர்வு நீக்கப்பட்டு, மறு ஆண்டிலிருந்து ஒன்பதாண்டுக் கல்வி அனைவர்க்கும் திறந்தது. பின்னர் ஐந்தாம் ஆண்டு மதிப்பீட்டுத் தேர்வு வந்தது. 1988 முதல் அதன் இடத்தில் யூ.பி.எஸ்.ஆர். என்னும் ஆறாம் ஆண்டுத் தேர்வு அமைந்தது. கல்விக்கு உதவும் சமூக அமைப்புகளும் இக்காலத்தில் பெருகின. 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உறுப்பினர் பிள்ளைகளின் கல்விக்குக் கைகொடுத்தது. மலாயாப் பல்கலைக்கழகச் சூழலில் 1982இல் டாக்டர் மு. தம்பிராஜாவின் முயற்சியால் எழுந்த ஸ்ரீ முருகன் நிலையம் படிப்பை ஒரு நோன்பாகவே மாணவர்க்குக் கற்பித்தது. பத்துமலைக்கு மேற்கொள்ளப்படும் அதன் கல்வி யாத்திரையில் பெற்றோரும் பிள்ளைகளும் திரளாய்ச் செல்வதைப் பலர் கண்டிருப்பீர்கள்.

ஏழு 'ஏ' என்னும் அளவுகோல்

தமிழ்ப்பள்ளி மாணவர் யூ.பி.எஸ்.ஆர். தேர்வில் ஏழு தாள்கள் எழுதினர்: தமிழில் இரண்டு, மலாயில் இரண்டு, ஆங்கிலம், கணிதம், அறிவியல். ஏழிலும் 'ஏ' பெறுவது உயர்ந்த வெற்றியாயிற்று. தேர்வு முடிவு வெளியான மறுநாள் முதல் தமிழ் நாளிதழ்களில் பக்கம் பக்கமாகப் படங்கள் வரும். சீருடையில் நிற்கும் பிள்ளைகள், நடுவில் தலைமையாசிரியர், பின்னால் பள்ளியின் பெயர்ப்பலகை. மலாய்மொழி வழித் தேசியப் பள்ளிகளின் மாணவர் எழுதியவை ஐந்து தாள்கள். நம் பிள்ளைகள் எழுதியவை ஏழு. இதனைச் சுட்டிக்காட்டுவதில் ஆசிரியர்க்கு ஒரு நியாயமான பெருமிதம் இருந்தது.

இப்பட்டியல் கலாசாரத்தை இன்று எளிதாகக் கண்டிக்கலாம். நாம் அவ்வாறு செய்யப்போவதில்லை. தமிழ்ப்பள்ளியில் சேர்த்தால் பிள்ளை முன்னேறாது என்ற எண்ணம் நகரத்துத் தமிழர் பலரிடமே வேரூன்றியிருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பால்மரம் செம்பனைக்கு இடம்விட்டது, தோட்ட நிலம் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் மாறியது. குடும்பங்கள் நகரை நோக்கிப் பெயர்ந்தன. 888 பள்ளிகள் தேய்ந்து 500க்குச் சற்று மேற்பட்ட எண்ணிக்கையில் நின்றன. எஞ்சியவற்றுள் 150 மாணவர்க்குக் குறைந்த பள்ளிகள் பல. நகரத்துக்கு இடம் மாற்றப்பட்ட பள்ளிகள் தம் பெயரில் தோட்டத்தை மட்டும் சுமந்து சென்றன. அருகில் ஒரு மரம்கூட இல்லாத வீடமைப்புப் பகுதியில் 'தோட்டத் தமிழ்ப்பள்ளி' என்னும் பலகையைக் காணும் அயலூரார் வியப்படைவது இயல்பே. இத்தகைய நெருக்கடியில் ஒரு பள்ளி தன்னைக் காத்துக்கொள்ள எதனைக் காட்டும்? ஏழு 'ஏ' பெற்ற பிள்ளையின் படத்தைக் காட்டிற்று. அப்படம் எத்தனையோ பெற்றோரின் ஐயத்தைப் போக்கியது. அச்சேவையை நன்றியோடு ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

ஆயினும் விலை ஒன்று கொடுக்கப்பட்டது. பதினைந்து பேர் பயிலும் ஆறாம் ஆண்டு வகுப்பில் இருவர் ஏழு 'ஏ' பெற்றால் படத்தில் இருவர் நிற்பர். மற்றப் பதின்மூவர் எங்கே? நான்காம் ஆண்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறி, ஆறாம் ஆண்டில் ஒரு பத்தியைத் தடையின்றி எழுதிய பிள்ளை அடைந்த தொலைவு சிறிதன்று. அத்தொலைவை அளக்கும் கோல் மேடையில் இல்லை. தேர்வின் சுமை நாடெங்கும் எத்தகையதாய் இருந்தது என்பதற்கு 2014இல் வினாத்தாள்கள் முன்கூட்டியே கசிந்து, மாணவர் சில தாள்களை மீண்டும் எழுத நேர்ந்ததே போதிய சான்று. 2016இல் தேர்வின் அமைப்பு மாறியது. ஆங்கிலமும் இரண்டு தாள்களாகப் பிரிந்து, நம் பிள்ளைகளின் தாள்கள் எட்டாயின. அவ்வாண்டு நாடு முழுவதிலும் எல்லாத் தாள்களிலும் 'ஏ' பெற்றோர் 4,896 பேர் மட்டுமே, விழுக்காட்டில் 1.11. முந்தைய ஆண்டுவரை படம் நிறைந்திருந்த பல பள்ளிகளில் அவ்வாண்டு படமே இல்லை. பிள்ளைகள் ஓராண்டில் மங்கிவிட்டனரா? ஆசிரியர் உழைப்பு குன்றிற்றா? இரண்டும் இல்லை. அளவுகோல் மாறியது, பள்ளியின் பெருமையை அதில் மட்டுமே தொங்கவிட்டிருந்தோர் திகைத்து நின்றனர்.

சிறிய பள்ளியின் பெரிய திடல்

மேடையை விட்டுச் சற்றே திடலுக்கு வருவோம். மாணவரை இல்லங்களாகப் பிரித்து விளையாட வைக்கும் முறை ஆங்கிலேயரின் விடுதிப் பள்ளிகளில் பிறந்தது. மலாக்கா உயர்நிலைப்பள்ளி போன்ற பழைய ஆங்கிலப் பள்ளிகள் வழியாக இந்நாட்டுப் பள்ளிகள் அனைத்துக்கும் பரவியது. உண்மையில் உறங்கும் இல்லத்தைக் குறித்த சொல், நம்மிடம் வந்தபோது வண்ணத்தைக் குறிப்பதாயிற்று: சிவப்பு இல்லம், நீல இல்லம், மஞ்சள் இல்லம். சில தமிழ்ப்பள்ளிகள் இல்லங்களுக்கு வள்ளுவர், கம்பர், பாரதி எனப் பெயரிட்டுக்கொண்டன. இரவல் வந்த பாத்திரத்தில் நம் சோற்றைச் சமைத்துக்கொள்ளும் இத்திறம் தமிழ்ப்பள்ளிகளிடம் எப்போதும் உண்டு.

ஆயிரம் பேர் பயிலும் பள்ளியில் ஓட்டத்தில் வல்ல நூறு பேர் ஓடுவர். மற்றையோர் கூடாரத்தில் அமர்ந்து கூவுவர். நாற்பது பேர் பயிலும் பள்ளியிலோ கூவுவதற்குத் தனியே ஆள் கிடையாது. எல்லாரும் ஓடவேண்டும். அஞ்சலோட்டத்துக்கு நால்வர் தேவையெனில் மெதுவாய் ஓடும் பிள்ளையும் கோலைக் கையில் ஏந்தியாக வேண்டும். அணிவகுப்பிலும் பாடற்குழுவிலும் நாடகத்திலும் இதே நிலை. குறைந்த மாணவர் எண்ணிக்கையைப் பள்ளியின் நோயாகவே பேசிப் பழகிவிட்டோம். நிருவாகம், நிதி ஆகியவற்றின் நோக்கில் அது நோயே. எனினும் எந்தப் பிள்ளையையும் ஒதுக்க இயலாத நிலை என்பது கல்வியில் எளிதிற் கிடைக்கும் பேறன்று. பெரிய பள்ளிகள் அதனைப் பெரும் முயற்சியால் உண்டாக்கவேண்டியிருக்கிறது.

தோட்டத்து விளையாட்டு நாளில் ஊரே கூடியதற்கும் இதுவே காரணம். ஒவ்வொரு லயத்திலிருந்தும் ஒரு பிள்ளை திடலில் நிற்கும்போது ஒவ்வொரு லயத்தாரும் வந்துவிடுவர். மாரியம்மன் கோயில் திருவிழா இரவில் பிள்ளைகள் நடித்த நாடகத்துக்குக் கூடிய அதே கூட்டம். பள்ளியும் கோயிலும் அடுத்தடுத்து இருந்த தோட்டங்களில் பள்ளி விழா எங்கு முடிந்தது, ஊர் விழா எங்குத் தொடங்கியது என்று பிரித்தறிதல் கடினம். தோட்டம் கலைந்தபோது நாம் இழந்தவற்றுள் இப்பார்வையாளர் கூட்டமும் ஒன்று. நகரத்துப் பள்ளியில் தன் பிள்ளையின் பெயர் அழைக்கப்படாது என்று அறிந்த பெற்றோர் விழாவுக்கே வருவதில்லை. அவர்களைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை.

தேர்வு நீங்கிய பின்

2020இல் பெருந்தொற்றால் யூ.பி.எஸ்.ஆர். நடைபெறவில்லை. 2021 ஏப்ரலில் கல்வியமைச்சு அதனை அறவே நீக்குவதாக அறிவித்தது. 2019ஆம் ஆண்டுத் தேர்வே இறுதித் தேர்வாயிற்று. கீழ்வகுப்புகளில், அதாவது முதல் மூன்று ஆண்டுகளில், தேர்வுகள் 2019 முதலே நீங்கியிருந்தன. பள்ளி அளவிலான மதிப்பீடு அவற்றின் இடத்தைப் பெற்றது. அதில் மாணவரின் அடைவு ஒன்று முதல் ஆறு வரையிலான நிலைகளாகக் குறிக்கப்படுகிறது.

இப்போக்கு நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் முதலிடம் பெற்றோர் பெயரை வெளியிடும் வழக்கத்தை அரசு 2012இல் கைவிட்டது. தமிழ்நாட்டில் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளில் மாநிலத் தரவரிசையை அறிவிக்கும் மரபு 2017இல் நிறுத்தப்பட்டது. அதற்கு முன்னர் முதலிடம் பெற்ற மாணவரின் வீட்டு முற்றத்தில் செய்தியாளர் குவிவதும், தாய் பிள்ளைக்கு இனிப்பு ஊட்டும் படம் மறுநாள் இதழில் வருவதும் ஆண்டுதோறும் நிகழ்ந்தன. இலங்கையிலோ ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் தேர்வு இன்றும் தொடர்கிறது. நம்மைப் போலவே தோட்டப் பின்னணி கொண்ட மலையகத் தமிழ்ப் பிள்ளைகளின் வெற்றி அங்கே ஊர்ப் பெருமையாகப் போற்றப்படுகிறது. கைவிட்ட நாடுகள் சரி, தொடரும் நாடு தவறு என்று எளிதில் தீர்ப்புக் கூறிவிட முடியாது. ஏழைப் பிள்ளைக்கு நல்ல பள்ளியின் கதவைத் திறந்துவிடும் சாவியாய் அத்தேர்வு அங்குப் பயன்படுகிறது. சாவியை எடுத்துவிடுமுன் கதவைத் திறந்து வைத்தாக வேண்டும்.

நம் பள்ளிகளில் தேர்வு நீங்கிய பின்னர் ஆசிரியரிடையே இருவகைக் கருத்துகள் நிலவுகின்றன. பிள்ளை மூச்சுவிட இடம் கிடைத்தது என்பர் ஒரு சாரார். தமிழ்ப்பள்ளியின் தரத்தை வெளியாருக்குக் காட்ட இனி என்ன உண்டு என்று கவல்வர் மற்றொரு சாரார். இரண்டாவது கவலையை நாம் மதிக்கிறோம். அதன் வேர் வருகைப் பதிவேட்டுக் காலத்துக்குச் செல்வதை மேலே கண்டோம். அக்கவலைக்கு விடைகூறும் பொறுப்பு பெரியோராகிய நமக்கு உரியது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு உரியதன்று என்பதே நம் துணிபு. பள்ளிக்கு நிலம் வேண்டும், கட்டடம் வேண்டும், ஆசிரியர் வேண்டும் என்பவற்றை மேலாளர் வாரியமும் சங்கங்களும் உரிமையோடு கேட்கலாம். அதற்குப் பிள்ளையின் மதிப்பெண்ணைச் சான்றாக நீட்டவேண்டியதில்லை.

மேடை வெறுமையாகிவிடவும் இல்லை. செந்தமிழ் விழாவில் கவிதை ஒப்புவிக்கும் பிள்ளைகள் பள்ளியிலிருந்து மாவட்டத்துக்கும் மாநிலத்துக்கும் தேசிய நிலைக்கும் செல்கின்றனர். திருக்குறள் மனனப் போட்டிகள் நடக்கின்றன. அறிவியல் விழாக்களிலும் புத்தாக்கப் போட்டிகளிலும் சிறிய பள்ளிகளின் குழுக்கள் அயல்நாடு வரை சென்று பதக்கம் பெற்று வருகின்றன. ஆனால் ஓர் எச்சரிக்கை. ஏழு 'ஏ' இருந்த இடத்தில் பதக்கங்களின் எண்ணிக்கையை வைத்துவிட்டால் பழைய பட்டியலே புதிய சட்டையோடு திரும்பி வந்துவிடும். பயணச் செலவைத் திரட்டத்தக்க பள்ளிக்குப் பதக்கம் மிகுதியாகவும், திரட்ட முடியாத பள்ளிக்குக் குறைவாகவும் வாய்ப்பது இயல்பு.

மாணவர் மணிமன்றத்தின் நினைவு இங்குப் பயன்தரும். அதில் ஒருவன் எழுத்து வெளிவர மற்றொருவன் எழுத்துத் தோற்கவேண்டியதில்லை. ஆறாம் ஆண்டை முடிக்கும் ஒவ்வொரு மாணவனும் ஒரு பக்கம் எழுதி, எல்லாருடைய பக்கமும் பெயரோடும் ஊர்ப்பெயரோடும் ஆண்டு மலரில் அச்சாகுமாயின், அது செலவு மிகுந்த செயலன்று. பதினைந்து மாணவர் வகுப்புக்குப் பதினைந்து பக்கம். பெரிய பள்ளிகளுக்கு இது கடினம். சிறிய பள்ளிக்கு எளிது.

இறுதியாக ஒரு வேலை எஞ்சியுள்ளது. தோட்டப் பள்ளிகளின் விழாக்கள் பற்றிய எழுத்துச் சான்றுகள் மிகக் குறைவு. கட்டடம் இடம் மாறியபோது பழைய பதிவேடுகளும் மலர்களும் பெரும்பாலும் கரையானுக்கும் மழைக்கும் இரையாயின. எஞ்சியிருப்பவை வீடுகளில் உள்ளன: சட்டமிட்ட வகுப்புப் படம், மங்கிய நற்சான்றிதழ், கைப்பிடி உடைந்த கிண்ணம். நியாலாஸ், அசகான், பத்தாங் மலாக்கா வட்டாரங்களிலிருந்து பெயர்ந்த குடும்பங்கள் இன்று மலாக்கா நகரிலும் சிரம்பானிலும் ஜொகூரிலும் வாழ்கின்றன. பரிசு மேடையில் யார் யார் ஏறினர், எதற்காக ஏறினர் என்பதை அவ்வீடுகளிலிருந்தே அறிந்துகொள்ளவேண்டும். உயர்வகுப்பு மாணவர்கள் பள்ளி விடுமுறையில் தத்தம் குடும்பத்துப் பெரியோரிடம் உள்ள இத்தகைய பொருள்களைப் படமெடுத்து, ஆண்டு, தோட்டம், நிகழ்ச்சி ஆகியவற்றை உடன் எழுதி, ஆசிரியர் வழியாகப் பள்ளி நூலகத்தில் சேர்க்கலாம். வகுப்புப் படமாயின், நிற்பவர் ஒவ்வொருவரின் பெயரையும் இடமிருந்து வலமாகக் கேட்டு எழுதிக்கொள்ளுதல் வேண்டும். அப்பெயர்களைச் சொல்லக்கூடியோர் பெரும்பாலும் எழுபது வயதைக் கடந்தவர்கள்.